சங்கிலி ஜெபம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவு வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கவில்லை என்றால், நடக்கக்கூடாதது ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். ஆவடி குவார்ட்டர்ஸில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். பூந்தமல்லி சர்ச்சுக்குப் போய்விட்டு அவர்கள் திரும்பியதும் அவன் பெண்டாட்டி வசந்தகுமாரி பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் மிக்சியைப் போடுவாள். கொஞ்ச நேரத்தில் மசாலா வாசனை சுவர் தாண்டி வரும். “அந்த வாசனையவே தொட்டுக்கினு துன்னு” என்று என் பெண்டாட்டி கன்னியம்மா எனக்கு வெறும் ரசத்தை ஊற்றுவாள்.

அன்றைக்கு மிக்சி சத்தம் இல்லை. பளார் என்று ஓர் அறை விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் அழுகை. அறை வாங்கியவள் அழவில்லை, அறைந்தவள்தான் அழுதாள். அது வசந்தகுமாரியின் குரல். நான் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

வெளியே ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அப்பாவு, சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையோடு கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். நானும் அவனும் ஃபேக்டரியில் ஒரே ஷாப். அவன் டர்னர். இரும்பைக் கடைகிற கை, மனசு மட்டும் வெண்ணெய். அவனுடைய ஒரே மகள் ஹெப்சிபா, எங்களுக்கெல்லாம் எப்சி, சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண். சர்ச் பாட்டுக் குழுவில் பாடுவதற்குத் தவிர வேறெதற்கும் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. கன்னத்தில் விரல் பதிந்திருந்தது.

“இன்னா மாமே, கொயம்பு வாசனயே காணோம்?” என்று விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன்.

“கொயம்பா? என் மானம் கொதிச்சிகினு கீது மச்சான். குந்து. நீயே கேளு இவள.”

கேட்டதில் விஷயம் இதுதான். சனிக்கிழமை தோறும் கிறிஸ்துமஸ் பாட்டு பழகப் போகிறேன் என்று எப்சி பூந்தமல்லிக்கு பஸ் ஏறுவாள். இன்றைக்கு ஆராதனை முடிந்ததும் பாட்டு வாத்தியார் அப்பாவுவைப் பிடித்து, “எப்சிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? ஆயுத பூஜை லீவுக்கு அப்புறம் வரவேயில்லையே” என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற சர்ச் வாட்ச்மேன், சொல்லலாமா கூடாதா என்று தலையைச் சொறிந்து, கடைசியில் சொல்லியும் விட்டான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அன்வர் பாஷாவின் ரேடியோ ரிப்பேர் கடை. அதன் உள்பக்கம் ஒரு பச்சைத் துணி தொங்கும். அந்தத் துணியை விலக்கிக்கொண்டு எப்சி உள்ளே போனதை அவன் பார்த்தானாம். கடையில் அன்வர் பாஷாவின் மகன் ஜாபர் அலி மட்டும் இருந்தானாம்.

“எப்சி, இன்னாம்மா இது?” என்றேன்.

“வீடியோ கேம் ஆடப் போனேன் மாமா.”

“பாத்தியா? வர்ற வயி பூரா இதே பாட்டு!” என்று வசந்தகுமாரி தலையில் அடித்துக்கொண்டாள். “பொம்பளப் புள்ள வீடியோ கேம் ஆடுச்சாம். எங்கனா கேட்டுகீறியாண்ணா? துணிக்கு பின்னால வீடியோ கேமாம்! கர்த்தருக்கு பயந்து வளத்த புள்ள, எம் மூஞ்சிய பாத்து பொய் சொல்றா.”

“பொய் இல்லம்மா. துணிக்கு பின்னாலதான் மிஷின் கீது. மொத தபா பிராக்டிஸ் இல்லன்னு அனுப்பிட்டாங்க. மழ. அந்தக் கடைல ஒதுங்கனேன். பசங்க ஆடிக்கினு இருந்தானுங்க. நானும் ஒரு காயின் வாங்கி...”

“வாய மூடு!”

தொண்ணூற்று நாலாம் வருஷம் அது. அந்தக் காலத்து வீடியோ கேம் கடை எப்படியிருக்கும் என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொல்லவேண்டும். பீரோ உயரத்துக்கு மிஷின்கள். பித்தளைக் காயினைப் போட்டால் ஓர் ஆட்டம். இருட்டு, பீடிப் புகை, டுப்பு டுப்பு என்று சத்தம், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன்கள். அங்கே ஒரு பெண் பிள்ளை, அதுவும் சண்டே ஸ்கூலில் பரிசு வாங்கிய பெண், ஆடுவதற்காகப் போனாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவர்கள் இருவரும் நம்பவில்லை. நானும் மனசுக்குள் நம்பவில்லை.

சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது. கொரட்டூரில் அப்பாவுவின் அக்கா நாகம்மாவுக்கு உத்தமன் என்று ஒரு பிள்ளை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. புது வருஷம் பிறந்ததும் கல்யாணம். அதுவரைக்கும் எப்சி வாசற்படி தாண்டக்கூடாது, பள்ளிக்கூடமும் வேண்டாம்.

“மார்ச்சுல பரீச்சப்பா” என்றாள் எப்சி.

“நீ எய்தி கியிச்சது போதும்” என்றான் அப்பாவு. சொல்லிவிட்டு அவன்தான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இதோடு விட்டிருந்தால் வீட்டுக்குள்ளேயே போயிருக்கும். ஆனால் வசந்தகுமாரிக்கு எந்த பாரத்தையும் ஜெபத்தில் இறக்கி வைத்துத்தான் பழக்கம். கிறிஸ்துமஸ் நெருங்கினால் அவர்கள் சபையில் சங்கிலி ஜெபம் என்று ஒன்று நடத்துவார்கள். ஒரு வீட்டில் கூடி ஒரு விஷயத்துக்காக ஜெபிப்பார்கள். முடிந்ததும் அந்த விஷயத்தை அடுத்த வீட்டிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் அதற்கடுத்த வீட்டிடம். ஆவடியில் தொடங்கினால் பருத்திப்பட்டு, காடுவெட்டி என்று வீடு வீடாகப் பிடித்துக்கொண்டே பூந்தமல்லி வரைக்கும் போகும். யாருக்காக ஜெபம் என்று பெயரை மட்டும் சொல்லக்கூடாது. அது ஒழுங்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமை முறை வசந்தகுமாரி வீட்டுக்கு வந்தது. எனக்கு ராத்திரி ஷிப்ட், பகலில் தூங்க முயன்றுகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் வந்து சேர்வதும், வளையல் சத்தமும், அச்சு முறுக்குத் தட்டு போவதும் வருவதும் கேட்டன. பாட்டு முடிந்தது. வசந்தகுமாரி தொடங்கினாள்.

“ஆண்டவரே, ஒரு சகோதரியோட மக... பேரு உமக்குத் தெரியும்... வயி மாறி போய்கினு கீறா... ஒரு வேற்று மதத்து வாலிபன் கிட்டேர்ந்து அந்தப் புள்ளைய காப்பாத்தும்...”

அவ்வளவுதான், உடைந்துவிட்டாள். ஒரு சகோதரியின் மகளுக்காக அப்படி யாரும் அழமாட்டார்கள். பெயர் சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அடுத்துப் பிடித்துக்கொண்டவள் சுசீலா. நல்லவள்தான். ஆனால் தொண்டை பெரிது. அவளுக்கு வாட்ச்மேன் ஒன்றுவிட்ட அண்ணன்.

“ஆண்டவரே! பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு பின்னால, டீக்கடைய ஒட்னாப்ல ஒரு சந்து போவுதே ஆண்டவரே, அதுல ரேடியோ ரிப்பேரு கடைல பச்ச துணி தொங்குதே ஆண்டவரே, அந்தத் துணிய கியிச்சி எறிஞ்சி, பிளஸ் டூ படிக்கிற அந்தப் புள்ளைய வெளிய இஸ்து போடும்!”

“ஆமென்! ஆமென்!” என்று சுவர் அதிர்ந்தது.

கடவுளுக்கு இத்தனை விலாசம் வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மேலே இருப்பவருக்குக் கடை எங்கே என்று தெரியாதா? கீழே இருப்பவர்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஜெபம் நடக்க நடக்க விஷயம் வளர்ந்தது. பருத்திப்பட்டில் அவன் மோதிரம் கொடுத்திருந்தான். காடுவெட்டியில் ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் பையோடு நின்றார்கள். பூந்தமல்லிக்குப் போய்ச் சேர்வதற்குள் எப்சியை மதம் மாற்றி வேறு பெயரே வைத்துவிட்டார்கள். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாரும் முழங்கால் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பெண் நன்றாயிருக்கவேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. ஒரே குடையில் பாதி பாதி நனைந்தபடி அன்வர் பாஷாவும் அவர் பெண்டாட்டி ஜரினாவும் அப்பாவு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அப்பாவு சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டான். அடிதடியாகிவிடக் கூடாதே என்று ஓடினேன். உள்ளே வசந்தகுமாரி அடுப்பை அணைக்க மறந்து நின்றாள். முறுக்கு கருகியது.

“குந்துங்க” என்று அப்பாவு சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

ஜரினா உட்காராமல் நேரே வசந்தகுமாரியிடம் போனாள். “யக்கா, ஒன் கால்ல வேணா வியறேன். எம் புள்ளைக்கு பட்டாபிராம்ல பொண்ணு பேசி நிச்சயம் பண்ணிக் கீது. நேத்து பொண்ணு ஊட்டுக்காரங்க வந்து தெருவுலயே நின்னுகினு கேக்கறாங்க, ‘உங்க புள்ள கிறிஸ்துவப் பொண்ண இஸ்துகினு ஓடப் போறானாமே’ன்னு. யாரு சொன்னாங்கன்னா, பக்கத்து ஊட்ல ஜெபத்துல சொன்னாங்களாம்! எங்க சாதி சனத்துல எம் மூஞ்சிய எங்க கொண்டு வெப்பேன்?”

வசந்தகுமாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. “நாங்க பேரு சொல்லலியே” என்றாள்.

“கடைய சொல்லிட்டீங்களேக்கா! அந்த சந்துல ரேடியோ கடை எங்களுது ஒண்ணுதான்.”

அப்பாவு குறுக்கே வந்தான். “பாய், இந்தப் பேச்செல்லாம் வேணாம். ஒம் புள்ள இன்னா சொல்றான்? அத்த சொல்லு.”

“அவன் இன்னாத்த சொல்லுவான் நைனா?” என்றார் அன்வர் பாஷா. தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. “அந்தப் பொண்ணு மூஞ்சியே எனுக்கு ஒயுங்கா தெரியாதுன்றான். வந்தா மிஷின பாத்து நிக்கும், போனா ரோட்ட பாத்து போவும், நா முதுவத்தான் பாத்துகீறேன்றான். அதுவும் கோவமா.”

“இன்னாத்துக்கு கோவம்?”

“நஷ்டம் நைனா! பசங்க ஒரு காயின் போட்டா அஞ்சு நிமிசத்துல அவுட்டாவானுங்க, அடுத்த காயின் வாங்குவானுங்க. அதான் பொயப்பு. ஒம் பொண்ணு அவுட்டே ஆவ மாட்டேன்னுது. ஒரே காயின்ல சாயங்காலம் வரிக்கும் ஆடுது. அத்த சுத்தி பசங்க வேடிக்க பாத்துகினு நிக்கறானுங்க, எவனும் துட்டு எட்க்க மாட்றான். ‘இனிமே அந்தத் தங்கச்சிய வராதன்னு சொல்லு அத்தா’ன்னு எம் புள்ள எங்கிட்ட அய்வுறான். நீங்க காதலுன்றீங்க!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை. அறைக் கதவைத் திறந்துகொண்டு எப்சி வெளியே வந்தாள்.

“நா மொத நாளே சொன்னேன்” என்றாள்.

அப்பாவு என்னைப் பார்த்தான். வசந்தகுமாரி எப்சியைப் பார்த்தாள். நம்பலாமா என்ற ஆசையும், நம்பி ஏமாந்தால் என்ன ஆவது என்ற பயமும் அவள் முகத்தில் மாறி மாறி வந்தன. “சொம்மா பேசிக்கினு இருந்தா வேலைக்காவாது. நாளைக்கு எல்லாரும் போவோம். அவ ஆடட்டும், பாத்துருவோம்” என்றேன் நான்.

மறுநாள் காலையில் போனோம். மழை விட்டிருந்தது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் சேறு கணுக்கால் வரைக்கும். சர்ச் ஆட்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று வசந்தகுமாரி முக்காடு போட்டுக்கொண்டு நடந்தாள். அது இன்னும் மோசமாகப் பார்க்க வைத்தது. கடையில் பச்சைத் துணி இல்லை. பயத்தில் அன்வர் பாஷா கழற்றிவிட்டிருந்தார். நாங்கள் உள்ளே நுழைந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கினார். ஜாபர் அலி ஒரு மூலையில், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி ஒரு காயினைக் கொடுத்தான். எப்சியின் பக்கம் தலை திரும்பினால் கல்யாண நிச்சயம் நின்றுவிடும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

எப்சி செருப்பைக் கழற்றினாள். தாவணியை இழுத்து இடுப்பில் செருகினாள். காயினைப் போட்டாள்.

திரையில் ஒரு குட்டி விமானம். மேலே இருந்து குண்டு மழையாகக் கொட்டுகிறது. விழுகிற குண்டுகளுக்கு நடுவே இருக்கிற சின்னச் சந்தில் அந்த விமானம் நெளிந்து நெளிந்து போகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. விமானத்தைப் பார்ப்பதை விட்டு அவளைப் பார்த்தேன்.

இவள் யார்? பக்கத்து வீட்டில் இத்தனை வருஷமாக இருக்கிற பெண்ணை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். கண் விரிகிறது. “வாடா, வா... இப்டி வா... ஆங், மாட்னியா!” என்று கத்துகிறாள். குதிகாலை எம்பி எம்பி நிற்கிறாள். பெரிதாக ஏதோ ஒன்று வெடித்துச் சிதறியதும், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். நாங்கள் இருப்பதே அவளுக்கு நினைவில்லை.

“மச்சான், கைய பாரு” என்று அப்பாவு என் காதில் சொன்னான். “கைய பாக்காமயே வேல செய்றா பாரு.” நான் பார்த்தேன். இடது கை கம்பியைத் திருப்புகிறது, வலது கை விரல்கள் பொத்தான்கள் மேல் தன்பாட்டுக்கு ஓடுகின்றன. லேத் முன்னால் நிற்கிற அப்பாவுவும் இப்படித்தான். அவனுக்கு அது புரிந்துவிட்டது. அதனால் நம்பிவிட்டான். ஓர் ஆணைப் பார்க்க வருகிறவளுக்கு இந்தக் கை வராது.

ஆட்டம் முடிகிற வழியாக இல்லை. ஜரினா சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள். வசந்தகுமாரி ஓர் உடைந்த ரேடியோ பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். இதோடு விட்டதே என்று நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் செத்த வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருந்தது.

“இன்னாம்மா, இப்ப மனசு ஆறுச்சா?” என்றேன்.

“எங்கண்ணா ஆறும்? இதுக்கு காதலே தேவலாமே!” என்றாள். “காதலுன்னா இன்னா பண்றதுன்னு தெரியும். அடிக்கலாம், அனுப்பலாம், ஒருத்தன் கைல புடிச்சிக் குடுக்கலாம். இத்த நான் எந்த ஜெபத்துல போய் சொல்லுவேன்? அவ மூஞ்சிய பாத்தியாண்ணா? பொறந்ததுலேர்ந்து நான் பாக்காத மூஞ்சி. ஊட்ல முயங்கால் போட்டா தூங்கி வியறா. சர்ச்சுல ஒரு நாளு, ஒரே நாளு, அவ இப்டி சிரிச்சி நான் பாத்ததில்லியே!”

எப்சியைச் சர்ச்சுக்குள்ளேயே உட்காரவைத்து வளர்த்தவள் அவள். மகளின் சந்தோஷம் ஒரு சந்துக்குள், பீடி வாசனையில் கிடக்கிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் ஐயர் என்று கூப்பிடுகிற சபைப் பாதிரியார், அப்பாவு வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர். நாங்கள் பார்த்ததையெல்லாம் அப்பாவு சொன்னான். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டு வைத்திருந்தான். ஐயர் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

“நான் நம்பறேன் அப்பாவு. ஆனா சபை நம்பாது. அத்தன வீட்ல அழுது ஜெபிச்சிருக்காங்க. இப்ப போய், பையனே கிடையாது, பொண்ணு விளையாடத்தான் போச்சுன்னு சொன்னா, மானத்துக்கு பயந்து மறைக்கிறீங்கன்னுதான் பேசுவாங்க. அந்தப் பேச்சு எப்சியோட கல்யாணம் வரைக்கும் துரத்தும்.”

“அப்ப இன்னா ஐயரே பண்றது?”

“வர்ற சனிக்கிழமை சங்கிலி ஜெபம் முடியுது. எப்சி முன்னால வந்து, தப்பு பண்ணேன், அந்தப் பையனை விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்வாங்க, மன்னிப்பாங்க. அதுக்கப்புறம் யாரும் அதைப் பேசமாட்டாங்க. நாகம்மா கிட்ட நான் பேசறேன், கல்யாணம் வேணாம். பொண்ணு பரீட்சை எழுதட்டும்.”

பரீட்சை என்றதும் அப்பாவுவின் முகம் மலர்ந்தது. எப்சி கதவோரம் நின்றிருந்தாள்.

“பாட்டு பிராக்டிசுக்கு போறேன்னு பொய் சொன்னேன் ஐயரே. அதுக்கு எத்தினி பேரு முன்னாடி வேணா மன்னிப்பு கேக்கறேன்” என்றாள். “இல்லாத பையன எப்டி வுட்டேன்னு சொல்றது?”

“விளையாட்டைச் சொன்னா நம்பமாட்டாங்கம்மா.”

“நான் சொன்னா ஜாபர் அண்ணனுக்கு நிச்சயம் நின்னு பூடும்.”

ஐயர் காப்பியைக் கீழே வைத்தார். அப்பாவு எழுந்து மகளின் பக்கத்தில் போய் நின்றான். கெஞ்சுகிற குரலில், “சொம்மா ஒரே ஒரு வார்த்த எப்சி. சொல்லிட்டா நீ பள்ளிக்கூடம் போவலாம். ஆண்டவருக்கு நெசம் தெரியும் இல்ல? அப்பா சொல்றேன், சொல்லிடு” என்றான்.

எனக்குக் காது கூசியது. பென்சில் திருடியதை மறைத்ததற்காக, சின்ன வயதில் இதே எப்சியை முட்டி போட வைத்தவன் இவன். “பொய்யி பிசாசோட வேல” என்று தெருவுக்கே கேட்கக் கத்தியவன். அவன் வாயிலிருந்தா இது வருகிறது? நம் சாமியோ அவர்கள் சாமியோ, எந்தச் சாமி இப்படி ஒரு பேரத்துக்கு ஒத்துக்கொள்ளும்?

வசந்தகுமாரி இப்போது எழுந்தாள்.

“அன்னிக்கு அவ நெசத்த சொன்னா. நான் பொய்யின்னு சொல்லி அறஞ்சேன்” என்றாள். அழவில்லை. “இன்னிக்கு நீங்க பொய்ய சொல்லுன்றீங்க, நான் கேட்டுகினு கம்முனு குந்தினு கீறேன். இன்னா ஜென்மம் நானு! ஐயரே, தப்பா நெனச்சிக்காதீங்க. எம் பொண்ணு ஒண்ணும் சொல்லமாட்டா.”

“அப்ப சபைக்கு என்ன பதில் சொல்வே வசந்தா? யாரை நம்ப வைப்பே?”

அவள் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திங்கட்கிழமை காலையில் எப்சிக்குத் தானே தலை பின்னி, ரிப்பன் கட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். தெருவில் இரண்டு கதவுகள் திறந்து மூடின.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவு என்னிடம் வந்தான். “மச்சான், அவ பூந்தமல்லிக்கு கெளம்பிட்டா. புள்ளையும் கூட. இன்னா செய்யப் போறான்னு தெரியல. எனுக்கு அங்க வர மெர்சலா கீது. நீ கொஞ்சம் பின்னால போய் பாரேன்” என்றான். அவன் பயந்தால் நான் போகவேண்டும். அதுதான் எங்கள் சிநேகிதம்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாட்டுப் பயிற்சி முடிந்திருந்தது. எப்சியை முழுக்கப் பாட வைத்துவிட்டு, பின்வரிசை பெஞ்சில் காவல் உட்கார்ந்திருந்து, பிறகு கையைப் பிடித்துப் பஸ் ஸ்டாண்டு வழியாக நேரே அன்வர் பாஷாவின் கடைக்குக் கூட்டி வந்திருக்கிறாள் வசந்தகுமாரி. “பாய், ஒரு ஸ்டூல் குடு” என்று வாங்கி, சந்துக்கு நடுவில் வாசலிலேயே போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பட்டுப்புடவை. மடியில் பைபிள். தலையில் முக்காடு இல்லை. உள்ளே எப்சியின் முதுகு தெரிந்தது. மிஷின் டுப்பு டுப்பு என்று அடிக்கும்போதெல்லாம் வசந்தகுமாரி தூக்கிவாரிப் போட்டு, கண்ணை இறுக்கி மூடி, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். அந்தச் சத்தம் அவளுக்கு நரகமாகத்தான் இருந்தது. எழுந்து போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஜரினா ஒரு தட்டில் கேழ்வரகுச் சிமிலி உருண்டையோடு வந்து அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், டீக்கடைக்காரன், பூக்காரி எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கட்டும் என்றுதான் அவள் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு சங்கிலி ஜெபத்தின் கடைசிக் கூட்டம். ஆவடிப் பெண்கள் எல்லாரும் சர்ச்சுக்கு அந்த வழியாகத்தான் நடக்கவேண்டும்.

முதலில் வந்தவள் சுசீலா. சந்து முனையிலேயே அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம் மெல்ல வந்தாள்.

“இன்னா வசந்தா, இங்க வந்து குந்திகினு கீற?”

“எம் பொண்ணு உள்ள வீடியோ கேம் ஆடிக்கினு கீறா. அதான் தொணைக்கு வந்தேன்” என்றாள் வசந்தகுமாரி. அந்தச் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

சுசீலா குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். எப்சி அப்போதுதான் எம்பிக் குதித்து, “மாட்னியா!” என்று கூவினாள். சுற்றி நின்ற பையன்கள் ஹோவென்று கத்தினார்கள். ஜாபர் அலி தூரத்தில் ஒரு ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தான். சுசீலாவின் வாய் திறந்தது, மூடவில்லை. பெரிய தொண்டைக்காரிக்கு முதல் தடவையாகக் குரல் வரவில்லை.

“மெய்யாலுமே ஆடத்தான் வந்தாளா?” என்றாள் கடைசியில்.

“நீயே பாத்த இல்ல.”

“நாங்க அத்தினி பேரு அய்து அய்து...” சுசீலாவின் முகம் சுருங்கிவிட்டது. முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். பிறகு என்ன கேட்பது என்று தெரியாமல், “சரி வா, கூட்டத்துக்கு நேரமாவுது. இது எப்ப முடியும்?” என்றாள்.

“தோத்தா முடியும்.”

“எப்ப தோப்பா?”

“யாரு, எம் பொண்ணா?” என்று கழுத்தை நிமிர்த்தினாள் வசந்தகுமாரி. “அவ எங்க தோக்கறது!”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. திடுக்கிட்டுப் போய், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.